காதில் ஊற்றிய தண்ணீர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த அண்ணன் மனைவி வெள்ளத்தாய் மதினி. என்னைப் பெண் பார்க்க வந்த வைகாசி மாதம், வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கூடத்தில் ஆண்கள் "பொண்ணுக்குச் சம்மதம்" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மதினி ஒவ்வொரு டம்ளரையும் கவிழ்த்து வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு இதைச் சாந்தமாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பித்தேன். சுவாமி அறிய, ஒரு முறையும் முடிந்ததில்லை.

ஒரு மலைக்காட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஓடை வற்றிவிட்டது. குட்டைகள் எல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தன. மிச்சம் இருந்தது உச்சிப்பாறைக்குக் கீழே ஒரே ஒரு சுனை. அதிலும் முழங்கால் அளவு தண்ணீர்தான்.

அந்தக் காட்டில் ஒரு நரி இருந்தது. வயதாகிவிட்டதால் அதற்கு ஓட முடியாது. பல்லும் பாதி போய்விட்டது. ஆனால் நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

ஒரு நாள் நரி, அடிவாரத்து ஊர்க் கோயில் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. வந்ததும் எல்லா மிருகங்களையும் சுனையருகே கூட்டியது. மூப்பரான காட்டெருமை நடுவில் நின்றது. கரடி, மயில், குரங்கு, புள்ளிமான் கூட்டம் எல்லாம் வந்தன.

"பெரியவரே! மழை ஏன் வரலைன்னு தெரிஞ்சுபோச்சு!" என்றது நரி.

"ஏன்?" என்றது காட்டெருமை.

"மலைக்கு நாம ஒண்ணும் குடுக்கலை. ஊருக்குள்ள மனுசங்க குடுக்கிறாங்க. நான் என் கண்ணால பார்த்தேன். ஒரு உயிரைக் குடுத்தா மழை வரும்!"

எல்லாம் பதறிப் பின்வாங்கின. "உயிரா? அது பாவம் இல்லையா?" என்றது மயில்.

நரி சிரித்தது. "பாவமா? கட்டாயப்படுத்திக் குடுத்தாத்தான் பாவம்! மனுசங்க என்ன மடையங்களா? ஆட்டுக்கிட்டே கேட்டுத்தான் குடுக்கிறாங்க. மாலை போட்டு, தலையில தண்ணி தெளிச்சு, 'சம்மதமா?'ன்னு கேக்கிறாங்க. ஆடு தலையைச் சிலுப்பினா உத்தரவு குடுத்திடுச்சுன்னு அர்த்தம். அதுவா வர்றேன்னு சொல்லுது. அப்புறம் யாருக்கு என்ன பாவம்?"

"சிலுப்பலைன்னா?" என்று ஒரு மான் கேட்டது.

"சிலுப்பலைன்னா விட்டுடுவாங்க!" என்றது நரி. கண்ணைச் சிமிட்டாமல் சொன்னது.

மிருகங்களுக்கு மனசு லேசானது. கேட்டுத்தானே செய்யப்போகிறோம்!

"குடுத்த பிறகு இறைச்சி என்னாகும்?" என்று கரடி கேட்டது.

நரி பெருமூச்சு விட்டது. "அதை அப்புறப்படுத்தற பாரத்தை நானே சுமக்கிறேன். என் தலையெழுத்து அப்படி."

முதல் பலியாக ஒரு மான்குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பெயர் பொட்டு. பிறந்து இரண்டு மாதம். அதன் தாய் மஞ்சாடி, அந்தக் கூட்டத்திலேயே வாயில்லாத மான்.

மயில் கொடியைப் பறித்து மாலை கட்டியது. குரங்கு காய்ந்த சுரைக்குடுக்கையில் சுனைத் தண்ணீர் மொண்டு வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத காட்டில் தலையில் ஊற்றத் தண்ணீர் இருந்தது, பாருங்கள்!

"சம்மதமா?" என்றது நரி. குரங்கு ஊற்றியது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பொட்டு உடம்பை உதறித் தலையைச் சிலுப்பியது.

"உத்தரவு! உத்தரவு!" என்று காடே கத்தியது. காட்டெருமை "ஆகட்டும்" என்று தலையை ஆட்டியது. உச்சிப்பாறையின் விளிம்பில் நின்ற பொட்டுவின் மேல் கரடி தோளைக் கொடுத்துச் சாய்ந்தது. அவ்வளவுதான்.

மஞ்சாடி மூன்று நாள் புல் மேயவில்லை. நரி அவளிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் மீசையில் இன்னும் கறை இருந்தது.

"அழாதே தாயி! உன் பிள்ளையை யாராவது இழுத்தோமா? தள்ளினோமா? அவனாத் தலையைச் சிலுப்பினான். எவ்வளவு பெரிய மனசு அந்தப் பிஞ்சுக்கு! விதி அவன் மேல அப்படி எழுதியிருக்கு. அதை மாத்த நாம யாரு?"

மஞ்சாடி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். "என் பிள்ளை தானா சிலுப்பினான். கேட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க." சொல்லிச் சொல்லித்தான் மறுபடியும் மேய ஆரம்பித்தாள்.

மழை வரவில்லை.

பத்து நாள் போயிற்று. இறைச்சி தீர்ந்தது. நரி மறுபடியும் கூட்டம் போட்டது.

"மலைக்கு ஒண்ணு போதலை. இன்னொண்ணு கேக்குது!"

"எதைக் கேக்குது?" என்றது காட்டெருமை.

நரி சுற்றும் முற்றும் பார்த்தது. அதன் பார்வை ஒரு மூலையில் போய் நின்றது. அங்கே ஒரு செவலை வெள்ளாடு தன் குட்டியோடு ஒதுங்கி நின்றது. போன ஆடியில் கோயில் முன்னால் கட்டியிருந்த கயிறு நழுவியதால் தப்பி ஓடி வந்த ஆடு அது. வயிற்றுச் சுமையோடு வந்தவள் காட்டில்தான் குட்டி போட்டாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் குட்டிக்குச் சுட்டி என்றே பெயர்.

"அதோ!" என்றது நரி. "வெளியில இருந்து வந்தவங்க. நம்ம சுனையில தண்ணி குடிக்கிறவங்க. இந்தக் காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? நாங்க கட்டாயப்படுத்தலை. கேட்டுத்தான் செய்வோம்."

செவலை குட்டியைத் தன் காலுக்கு நடுவில் தள்ளிக்கொண்டாள்.

"எப்படிக் கேப்பீரு? தண்ணி ஊத்தியா?"

"ஆமா. முறைப்படி."

"அந்த முறையை எனக்கா சொல்லுதீரு?" செவலை நடுக்கூட்டத்துக்கு வந்தாள். "நீரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தீரு. நான் கயித்துல நின்னு பார்த்தேன். எனக்கு முன்னால என் கூடப்பிறந்தவ நின்னா. அவ அசையலை. கல்லு மாதிரி நின்னா. விட்டாங்களா? ஏழு செம்பு ஊத்தினாங்க. எட்டாவது செம்பைக் காதுக்குள்ள ஊத்தினாங்க. காதுல தண்ணி போனா எந்த உடம்புய்யா சும்மா இருக்கும்? சிலுப்பற வரைக்கும் ஊத்தறவனுக்குக் கேள்வி எதுக்கு? வேண்டாம்னு சொல்ல வழியே இல்லாத கேள்வி என்ன கேள்வி?"

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. நரி உடனே குரலைத் தழைத்தது.

"தாயி, உன் வேதனை எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாரு. இந்த உலகத்துல யார் கையில என்ன இருக்கு? இலை விழுது. யாரைக் கேட்டு விழுது? மழை நிக்குது. யாரைக் கேட்டு நிக்குது? நானும் இதை விரும்பியா செய்யறேன்? மேல இருக்கிறவன் ஆட்டி வைக்கிறான். நான் ஆடறேன். நாம எல்லாரும் வெறும் பொம்மை!"

"அப்போ என் பிள்ளையும் பொம்மைதானே? பொம்மைகிட்டே சம்மதம் எதுக்குக் கேக்கீரு?"

நரிக்குக் கோபம் வந்தது. "பார்த்தீங்களா பெரியவரே, வந்த இடத்துல வாயை!"

செவலை காட்டெருமைப் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க."

காட்டெருமை தரையைப் பார்த்தது. "என் கையில என்னம்மா இருக்கு? ஊர் கூடிச் சொல்லும்போது நான் தலையாட்டத்தான் வேண்டியிருக்கு."

"கரடியண்ணே?"

"நான் ஒண்ணுமே செய்யலையே! சும்மா சாஞ்சேன். அந்தக் குட்டி அந்த நேரம் அங்கே நின்னா நான் என்ன செய்ய?"

"நீ சொல்லு மயிலு."

"நான் மாலைதான் கட்டறேன். கல்யாணம்னாலும் கட்டுவேன், இதுன்னாலும் கட்டுவேன்."

இப்படித்தான். பலி கொடுத்தவர்கள் ஐந்து பேர். கேட்டுப் பார்த்தால் ஒருவரும் கொடுக்கவில்லை. செய்தவர்களுக்கு எல்லாம் விதி. செத்துப்போன இரண்டு மாதக் குட்டிக்கு மட்டும் சொந்த விருப்பம்!

அப்போது மஞ்சாடி முன்னால் வந்தாள். செவலைக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. இவளும் தாயல்லவா!

"என்ன பெரிசா நியாயம் பேசறே?" என்றாள் மஞ்சாடி. "என் பிள்ளை இந்தக் காட்டுக்காக மனசாரப் போனான். உன் பிள்ளை மட்டும் என்ன உசத்தி? அவன் சிலுப்பினது சம்மதம் இல்லேன்னா சொல்றே?"

செவலை அவள் கண்ணைப் பார்த்தாள். 'ஆமாம்' என்று சொல்ல வாய் எடுத்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் செவலை குட்டியோடு ஓடிவிடப் பார்த்தாள். மலையிறங்கும் பாதையில் மூப்பரின் கூட்டத்துக் காட்டெருமைகள் வரிசையாக நின்றன.

"வழி விடுங்க!"

"நாங்க எங்கே மறிக்கிறோம்? சும்மா நிக்கிறோம்!" என்றன அவை.

மறுநாள் காலை உச்சிப்பாறையில் கூட்டம் கூடியது. மயில் மாலை கட்டிப் போட்டது. சுட்டிக்கு அது பிடித்திருந்தது. ஒரு இலையைக் கடித்துக்கூடப் பார்த்தது.

செவலை அதன் காதில் மெல்லச் சொன்னாள். "கண்ணு, அசையாதே. என்ன ஊத்தினாலும் அசையாதே. அம்மா உன் முன்னாலயே நிக்கிறேன். என்னையே பாரு."

"சம்மதமா?" என்றது நரி.

குரங்கு ஊற்றியது. தண்ணீர் சுட்டியின் முதுகில் வழிந்தது. சுட்டி தாயையே பார்த்தது. அசையவில்லை.

"மறுபடியும்!" என்றது நரி.

ஊற்றியது. சுட்டியின் கால் நான்கும் வெடவெடவென்று நடுங்கின. தலை மட்டும் அசையவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

கூட்டத்தில் யாரோ, "சிலுப்பலைன்னா விட்டுடணும்னு சொன்னாரே?" என்று முணுமுணுத்தார்கள்.

"சரியாப் படலை!" என்று கத்தியது நரி. "காதுக்குள்ள ஊத்து!"

குரங்கு தயங்கியது. அதன் பெயர் சடையன். மூன்று குட்டிகளுக்குத் தகப்பன். "காதுக்குள்ளயா?" என்றது.

"உனக்கு எதுக்கு யோசனை? நீ ஊத்தறவன். ஊத்து!"

சடையன் ஊற்றியது. தண்ணீர் காதுக்குள் சளக்கென்று இறங்கியது. பாவம், பச்சை உடம்பு என்ன செய்யும்? சுட்டி தலையைப் படபடவென்று சிலுப்பியது.

"உத்தரவு! உத்தரவு!"

சுட்டி அழ ஆரம்பித்தது. "அம்மா, நான் அசையலைம்மா! அதுவா அசைஞ்சிடுச்சும்மா!"

மதினி இந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கரடி எழுந்து விளிம்புப் பக்கம் வந்தது. செவலை நரியைப் பார்க்கவில்லை. காட்டெருமையைப் பார்க்கவில்லை. நேராகச் சடையன் முன்னால் போய் நின்றாள்.

"சடையண்ணே, குடுக்கையில இன்னும் தண்ணி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"இதை யார் ஊத்தினது?"

"நரியண்ணன் சொன்னாரு..."

"யார் சொன்னதுன்னு கேக்கலை. யார் ஊத்தினது?"

சடையன் குடுக்கையைப் பார்த்தது. பிறகு தன் கையைப் பார்த்தது. "விதி..." என்று ஆரம்பித்தது.

"விதிக்கு விரல் கிடையாது அண்ணே!" என்றாள் செவலை. "குளிர்ல உடம்பு நடுங்கும். கண்ணுல தூசி விழுந்தா இமை மூடும். அது நம்மைக் கேட்டு நடக்கிறதில்லை, ஒத்துக்கிறேன். என் பிள்ளை சிலுப்பினது அப்படித்தான். ஆனா நீ காதைத் தேடிப் பிடிச்சு, குடுக்கையைச் சாச்சியே? அதுவும் அப்படித்தானா? உன் கை உன்னைக் கேக்காமலா சாஞ்சுது? அந்தக் கை உன்னுதுன்னா, இப்போ எனக்கு ஒரே ஒரு தடவை காட்டு!"

சடையன் குடுக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"என்ன வேடிக்கை பார்க்கிறே? குடுக்கையைக் கீழே போட்டுட்டு இந்தக் குட்டியைப் பிடி!" என்று நரி அதட்டியது.

சடையன் குடுக்கையைக் கீழே போடவில்லை. மெதுவாக நடந்து வந்தது. நரிக்குப் பின்னால் போய் நின்றது. மிச்சத் தண்ணீர் முழுவதையும் நரியின் காதுக்குள் ஊற்றியது.

நரி துள்ளியது. மூக்கு முதல் வால்நுனி வரைக்கும் படபடபடவென்று உதறிச் சிலுப்பியது. நாலு பக்கமும் தண்ணீர் தெறித்தது.

ஒரு கணம் எல்லாம் வாயைப் பிளந்து நின்றன. பிறகு மயில் கீச்சென்று கத்தியது.

"நரியண்ணன் உத்தரவு குடுத்துட்டாரு!"

"குடுத்துட்டாரு! குடுத்துட்டாரு!" என்று பின்னால் நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. "நல்லா பலமாவே குடுத்துட்டாரு! எவ்வளவு பெரிய மனசு!" என்று ஒரு மிளா மான் கத்தியது.

கரடி நரியின் பக்கம் திரும்பியது.

"அட முட்டாளுங்களா!" என்று அலறியது நரி. "அது சம்மதமாடா? தண்ணிடா! காதுல தண்ணி போனா யாரா இருந்தாலும் சிலுப்பத்தான் செய்வாங்க! இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கே தெரிந்தது.

கூட்டம் சிரித்தது. சிரிக்காதவள் ஒரே ஒருத்தி. மஞ்சாடி.

அவள் அசையாமல் நின்றாள். "யாரா இருந்தாலுமா?" என்று கேட்டாள்.

நரி பின்வாங்கியது.

"யாரா இருந்தாலும் சிலுப்புவாங்கன்னா... என் பிள்ளை?" மஞ்சாடி ஒரு அடி முன்னால் வந்தாள். "மீசையில அவன் ரத்தத்தை வச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்து சொன்னியே? தானா வந்தான்னு சொன்னியே? பெரிய மனசுன்னு சொன்னியே?"

"தாயி, அது வந்து, விதி..."

"அந்தப் பேச்சை எடுத்தா உன் நாக்கை மிதிப்பேன்!"

வாயில்லாத மான் என்று பெயர் வாங்கியவள் போட்ட சத்தத்தில் பாறை அதிர்ந்தது.

"தள்ளுங்க அவனை! அவனும் சிலுப்பினானே! உத்தரவு உத்தரவுதான்!" என்று கூட்டம் கத்தியது. கரடி தோளைத் தாழ்த்திக்கொண்டு நரியை விளிம்புக்கு நெருக்கியது.

"நிறுத்து!" என்றாள் மஞ்சாடி.

"உனக்காகத்தானே செய்யறோம்!" என்றது கரடி.

"எனக்காக எதையும் செய்யாதே! இவன் சிலுப்பினது சம்மதம்னு இன்னைக்கு நீங்க இவனைத் தள்ளினா, என் பிள்ளை சிலுப்பினதும் சம்மதம்னு ஆயிடும். அதுக்கு விட மாட்டேன்! ரெண்டும் தண்ணிதான். இவனைத் தள்ளணும்னா, 'நான் தள்றேன்'னு வாயால சொல்லிட்டுத் தள்ளு. சொல்லு பார்ப்போம்!"

கரடி வாயைத் திறந்தது. மூடியது. தோளை நிமிர்த்திக்கொண்டது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு உயிரைத் தள்ள அதனால் முடியவில்லை.

மஞ்சாடி நரியைப் பார்த்தாள். "போ. இந்த மலையை விட்டுப் போ. நான் மன்னிச்சு விட்டேன்னு எங்கேயும் போய்ச் சொல்லிக்காதே. மன்னிக்கலை."

நரி வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது. வழியில் மூன்று இடத்தில் விழுந்தது. ஒருவரும் தூக்கிவிடவில்லை.

அது போனதும் மிருகங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி, கெட்டது ஒழிஞ்சுது. எல்லாம் அந்த நரியால வந்தது. கலையலாமா?" என்றது காட்டெருமை.

"கலையக்கூடாது!" என்றாள் மஞ்சாடி. "நரிக்குக் கை கிடையாது. என் பிள்ளைமேல தண்ணி ஊத்தினது யாரு?"

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் சடையன் முன்னால் வந்தது. தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டியது.

"நான் ஊத்தினேன்," என்றது.

பிறகு மயில், "மாலை நான் கட்டினேன்," என்றது.

கரடி விம்மியது. "சாயலை தாயி. தள்ளினேன். நான்தான் தள்ளினேன்."

காட்டெருமை மட்டும் கனைத்துக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு இருந்த சூழ்நிலையில..."

"சூழ்நிலைக்குக் கொம்பு இருக்கா பெரியவரே?" என்று கேட்டாள் செவலை. "அந்தக் கூட்டத்துலயே பெரிய கொம்பு இருந்தது உங்களுக்குத்தான்."

காட்டெருமை தலையைக் குனிந்தது. "நான் தலையாட்டினேன்," என்றது. உண்மைதான். பொட்டு சிலுப்பியது தண்ணீரால். அன்றைக்கு அந்தப் பாறையில் மனசறிந்து ஆடிய தலை இந்தப் பெரியவருடையது ஒன்றுதான்.

எல்லாரும் சொல்லி முடித்தார்கள். மஞ்சாடி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நின்னேன்," என்றாள். "எனக்கு நாலு காலும் இருந்துச்சு. குறுக்க விழுந்திருக்கலாம். விழலை. செவலை கத்தினா. நான் கத்தலை. அப்புறம் அவளையும் கத்தவிடலை."

செவலை அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லி ஆற்றியது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

சடையன் குடுக்கையைப் பாறையில் அடித்து உடைத்தது. அதன்பிறகு அந்தச் சுனைத் தண்ணீரைக் குடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் யாரும் தொடவில்லை. குட்டி உள்ளவர்கள் முதலில் குடிக்கவேண்டும் என்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தண்ணீரில் நாக்கை மட்டும் நனைத்துச் சிலரும், சேற்றை நக்கிச் சிலரும் அந்தக் கோடையைக் கடத்தினார்கள்.

மழை ஐப்பசியில் வந்தது. ஒருவரையும் கேட்டு வரவில்லை. ஒன்றையும் வாங்கிக்கொண்டு வரவில்லை. மலைமேல் இருக்கிறவர் அதுவரை ஒரு உயிரையும் கேட்டதில்லை, கேட்டதாகச் சொன்னது நரி மட்டும்தான்.

முதல் துளி சுட்டியின் காதில்தான் விழுந்தது. சுட்டி தலையைச் சிலுப்பியது. உடனே பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தது. யாரும் "உத்தரவு" என்று கத்தவில்லை. பக்கத்தில் காட்டெருமை சிலுப்பிக்கொண்டிருந்தது. கரடி உதறிக்கொண்டிருந்தது. மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. மஞ்சாடி மட்டும் நனைந்தபடியே நின்று அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு சிலிர்ப்பது நம் கையில் இல்லை, ஆனால் கை செய்வது நம் கையில்தான் இருக்கிறது. அதை விதியின் தலையிலோ, வாய் பேச முடியாதவரின் தலையிலோ கட்டுகிறவன் பாவத்தை இரண்டு முறை செய்கிறான்.

கதை கேட்டவர்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள்தான். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் தலையைக் குனிந்து நின்றால், உடனே வெற்றிலைத் தட்டை எடுக்காதீர்கள். அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய், "வாயைத் திறந்து சொல்லும்மா" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் அங்கேயே இருங்கள்.